கையை எடுக்காத கரடி

ஒரு காட்டில் ஒரு முரசு இருந்தது. காடு என்றதும் சிங்கம் எங்கே, புலி எங்கே என்று கேட்பீர்கள். எல்லாம் இருந்தன. இந்தக் கதையில் அவற்றுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

முழுப் பலா மரத்தைக் குடைந்து செய்த பெரிய முரசு அது. ஆற்றங்கரையில் உயரமான ஒரு பாறையின் உச்சியில் அதை வைத்திருந்தார்கள். அதன்மேல் இழுத்துக் கட்டியிருந்த தோல் யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே மான்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

முரசு இருந்தது கூத்துக்கும் கும்மாளத்துக்கும் அல்ல. ஆற்றின் நடுவில், பாறையிலிருந்து சற்று மேலே தள்ளி, புல் மண்டிய ஒரு திட்டு இருந்தது. ஆடி மாதத்தில் கரையெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அந்தத் திட்டில் மட்டும் பச்சை இருக்கும். மான்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து அங்கே மேயப் போகும். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, போகாமல் முடியுமா?

ஆனால் மேற்கு மலையில் பெய்கிற மழை இங்கே யாருக்கும் தெரியாது. இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். ஆற்றில் திடுதிப்பென்று வெள்ளம் வந்து நிற்கும். பாறை உச்சியில் இருப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் அது முன்னாலேயே தெரியும். தெரிந்ததும் அவர் முரசை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் மான்கள் கரையேற வேண்டும். சத்தம் கேட்கவில்லை என்றால், மான்களை அப்புறம் கடலில்தான் தேட வேண்டும்.

அந்த வேலையை ஒரு மந்தி பார்த்துவந்தது. ஒல்லியான கை, சுள்ளி போன்ற விரல். ஆனால் அது அடித்தால் காடு முழுக்கக் கேட்கும். அதற்கு வேறொரு காட்டில் சம்பந்தம் கூடிவந்தது. கல்யாணம் முடிந்து புருஷன் வீட்டுக்குக் கிளம்பியது.

அடுத்து யார் அடிப்பது? யானை ராஜா சபையைக் கூட்டினார். ராஜா நல்லவர்தான். ஆனால் எதையும் பருமனைப் பார்த்தே எடைபோடுவார். அவர் பருமன் அப்படி.

மரங்கொத்தி முதலில் வந்து நின்றது. "எனக்குத் தட்டுறதுதான் பரம்பரைத் தொழில்" என்றது.

"முதல் நாளே தோலில் ஓட்டை விழும். நீ போகலாம்" என்றார் ராஜா. பிறகு சபையைச் சுற்றிப் பார்த்தார். கூட்டத்திலேயே பெரிய கை கரடி பலவேசத்தின் கைதான். "பெரிய முரசுக்குப் பெரிய கை. பலவேசமே அடிக்கட்டும். சபை கலையலாம்."

பலவேசத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று வரை அதை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை, தேன்கூட்டை இறக்குவதைத் தவிர.

போவதற்கு முன் மந்தி வேலையை ஒப்படைத்தது. அருகில் செவந்தி என்ற பெண்மான் நின்றது. மான் கூட்டத்துக்கு அதுதான் தலைவி. சிங்காரம் என்ற நரியும் நின்றது. எங்கே எது நடந்தாலும் அங்கே சிங்காரம் நிற்கும்.

"அண்ணாச்சி, கேட்டுக்கோங்க" என்றது மந்தி. "தோள்ல இருந்து அடிக்காதீங்க. மணிக்கட்டுல இருந்து அடிங்க. கையை முறுக்கி வைக்காதீங்க. ஈரத்தை உதறுற மாதிரி தளர்வா இருக்கணும். முக்கியமானது இதுதான்: தோலைத் தொட்டதும் கையை எடுத்துடணும். வெயில்ல கொதிக்கிற பாறையைத் தொட்டா கை தானா மேல வரும்ல, அந்த மாதிரி. அடிக்கிறது பாதி, எடுக்கிறது பாதி."

பலவேசம் அப்போது ஒரு தேனடையை நக்கிக்கொண்டிருந்தது. "அடிக்கிறது பாதியா?" என்றது. "நான் முழுசாவே அடிப்பேன், கவலைப்படாதே."

மந்தி தலையில் அடித்துக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் பலவேசம் முதல் முறையாக முரசின் முன்னால் உட்கார்ந்தது. பயிற்சி சாயங்காலத்தில் மட்டும்தான் என்பது காட்டின் சட்டம். பகலில் முரசில் கை வைத்தால், அது வெள்ளத்துக்காகத்தான் இருக்க வேண்டும்.

கரடி மூச்சை இழுத்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கியது. ஓங்கி ஒரு போடு போட்டது. போட்ட கையைத் தோலின் மேலேயே வைத்துக்கொண்டது.

தொப்.

அவ்வளவுதான் சத்தம். ஒலி பிறக்கும்போதே அந்தப் பெரிய உள்ளங்கை அதன் கழுத்தை நெரித்துவிட்டது. பலவேசத்துக்கே சந்தேகம் வந்தது. கையைப் பார்த்தது, முரசைப் பார்த்தது, மறுபடி கையைப் பார்த்தது.

சிங்காரம் பக்கத்தில்தான் இருந்தது. மந்தி சொன்னதை அது ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தது. 'கையை எடுங்க அண்ணாச்சி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயைத் திறந்தது. திறந்த வாயில் எச்சில் ஊறியது.

ஏன் ஊறியது? நரியின் கணக்கு வேறு. இந்தச் சத்தம் திட்டுக்குக் கேட்காது. கேட்காவிட்டால் மான்கள் கரையேறாது. கரையேறாவிட்டால் வெள்ளம் அவற்றை அடித்துக்கொண்டு வரும். பாறைக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் ஒரு மணல்மேடு இருக்கிறது. ஆற்றில் வருவதெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். ஓடாமல், துரத்தாமல், மூச்சு வாங்காமல், படுத்த இடத்திலேயே மான்கறி.

திறந்த வாயைச் சிங்காரம் வேறு வேலைக்குப் பயன்படுத்தியது.

"அண்ணாச்சி, இதுவல்லவா அடி" என்றது. "இத்தனை வருஷம் அந்த மந்தி என்னத்தை அடிச்சுது? தொட்டுட்டு ஓடுச்சு, திருட்டுப் பய மாதிரி. உங்க கை விழுந்தா விழுந்த இடத்துல உட்காருதே, அதுதான் அழகு."

"கையை எடுக்கணும்னு மந்தி சொல்லிச்சே" என்றது கரடி, கொஞ்சம் தயங்கி.

"அது சின்னக் கை, எடுத்துத்தான் ஆகணும். ராஜா ஓரிடத்துல வந்து உட்கார்ந்தா, உட்கார்ந்த உடனே எந்திரிப்பாரா? கைன்னா ஒரு மரியாதை வேண்டாமா?"

கரடிக்கு அது நியாயமாகப் பட்டது. புகழ்ச்சி எப்போதுமே நியாயமாகத்தான் படும்.

மறுநாளிலிருந்து சிங்காரம்தான் வாத்தியார். விரலை இறுக்கி வைக்கச் சொன்னது. மணிக்கட்டை உலக்கை மாதிரி விறைப்பாக்கச் சொன்னது. அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், தலையை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும், உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பாடம் நடந்தது. தலையாட்டுவதில் பலவேசம் வெகு சீக்கிரம் தேறிவிட்டது. பாறையில் நின்று பார்ப்பவர்களுக்கு மகா வித்துவான் வாசிக்கிற மாதிரியே இருக்கும், காதைப் பொத்திக்கொண்டு பார்த்தால்.

"கை வீங்குது தம்பி" என்றது ஒரு நாள். "தோள்பட்டை கழன்று விழற மாதிரி வலிக்குது."

"வலிச்சாத்தான் வித்தை உள்ளே இறங்குதுன்னு அர்த்தம். இன்னும் ஓங்கிப் போடுங்க."

கரடி இன்னும் ஓங்கிப் போட்டது. தொப்.

செவந்திக்கு அந்தச் சத்தம் சரியாகப் படவில்லை. ஒரு சாயங்காலம் அது தனியாகத் திட்டுக்குப் போய் நின்று காதை நிமிர்த்தியது. பாறை உச்சியில் கரடி தலையை ஆட்டுவது தெரிந்தது. கை ஏறி இறங்குவது தெரிந்தது. சத்தம் மட்டும் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. செவந்தி நேரே ராஜாவிடம் ஓடியது.

"ராஜா, திட்டுல நின்னா முரசு கேட்கவே இல்லை. எங்க குட்டிங்க உயிர் அந்தச் சத்தத்துலதான் இருக்கு."

ராஜா சபையோடு பாறைக்கு வந்தார். முரசுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றார். முறம் போன்ற காதை முரசின்மேல் சாய்த்துக்கொண்டார். "அடி பார்க்கலாம்."

தொப்.

"எனக்கு நல்லாத்தானே கேட்குது" என்றார் ராஜா. "காது அடைக்கிற மாதிரி இருக்கு."

"பக்கத்துல நின்னா கேட்காம என்ன ராஜா? நாங்க நிக்கிறது ஆத்துக்கு நடுவுல."

சிங்காரம் குறுக்கே வந்தது. "மதினி, குத்தம் கையிலயா இருக்கு? உங்க காதுல எதுக்கும் மூலிகைச் சாறு விட்டுப் பாருங்களேன்."

சபை சிரித்தது. கேட்பதற்கு நன்றாக இருந்தால் சபை சிரிக்கும். யார் உயிர் போகிறது என்று விசாரிக்காது.

செவந்தி சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. கரடியிடம் திரும்பியது. "அண்ணாச்சி, உங்க பலத்துல குறை சொல்லல. அடிச்ச கையை எடுத்துடுங்க, அது போதும். கை மேலேயே இருந்தா தோல் எப்படி அதிரும்? ஒரே ஒரு தடவை எடுத்துப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

பலவேசம் தன் கையை ஒரு கணம் பார்த்தது. எடுத்துப் பார்க்கலாமா என்று அதற்குத் தோன்றவும் செய்தது. அதற்குள் சிங்காரம், "விரலே இல்லாத குளம்பு வந்து கைக்குப் பாடம் சொல்லுது, காலம் கெட்டுப்போச்சு" என்று பெருமூச்சு விட்டது.

கரடிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா தாயி, முதல்ல நீ விரல் முளைச்சுட்டு வா. அப்புறம் பேசிக்கலாம்."

அத்தோடு விடவில்லை சிங்காரம். அடுத்த நாளே பாறையில் ஒரு பாராட்டு விழா. தேக்கிலைகளை ஈர்க்கால் தைத்து ஒரு பொன்னாடை. அதைப் போர்த்தி, 'இடிக்கை ஏந்தல்' என்று ஒரு பட்டம். பட்டத்தைக் கொடுத்தது யார், கொடுக்க அதற்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கவில்லை. பட்டம் கொடுக்கிற இடத்தில் அதையெல்லாம் கேட்பது வழக்கமில்லை.

"அதை இன்னொரு தடவை சொல்லு தம்பி" என்றது கரடி.

"இடிக்கை ஏந்தல்" என்றது நரி.

செவந்தி கூட்டத்தில் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. மான்கள் அதைச் சூழ்ந்துகொண்டன. "இனி திட்டுக்குப் போக வேண்டாம்" என்றன சில. "போகாம பட்டினி கிடக்கவா?" என்றன சில. குட்டிகளுக்கு ஏற்கெனவே விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

செவந்தி பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு சொன்னது: "போவோம். அந்த முரசு காதுக்கு உதவாது, சரி. ஆனா அது நம்ம கண்ணுக்குத் தெரியுது. பகல்ல அந்தக் கரடி கையைத் தூக்கினா, அது வெள்ளம்தான். ஒருத்தி மாத்தி ஒருத்தி புல்லை விட்டுட்டுப் பாறையையே பார்க்கணும். கை ஏறினா கரையேறணும். யாரும் கத்தக் கூடாது. கத்தினா குட்டிங்க மிரண்டு ஆழத்துல இறங்கிடும்."

இது சிங்காரத்துக்குத் தெரியாது. அது தன் கணக்கிலேயே கண்ணாக இருந்தது. தினமும் காலையில் ஆறு வளைகிற மணல்மேட்டுக்கு வந்து, அங்கே நின்ற பனைகளின் நிழலில் படுத்துக்கொள்ளும். கரைமேல் படுத்திருக்கலாம், அது பத்திரம். ஆனால் மற்ற நரிகள் முந்திக்கொண்டால்? முதல் துண்டு தனக்குத்தான் கிடைக்க வேண்டும். வெள்ளம் வந்தால் தனக்கு ஆபத்தில்லையா என்றும் யோசித்துப் பார்த்தது. அதற்கும் அதனிடம் பதில் இருந்தது. மேலே திட்டில் மான்கள் வெள்ளத்தில் சிக்கினதும் அலறும். அந்த அலறலைக் கேட்டதும் எழுந்து கரையேறிவிட வேண்டியது. 'ஊருக்கு முரசு, எனக்கு மான்' என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடும்.

ஒரு நாள் காலை, வானத்தில் ஒரு மேகமும் இல்லை. பலவேசம் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தது. தேக்கிலை காய்ந்து முதுகைக் குத்தியது. ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை. தற்செயலாக மேற்கே பார்த்தது. மலை இடுக்கில் ஆறு செக்கச் செவேலென்று சுருண்டு இறங்கிக்கொண்டிருந்தது.

கரடி துள்ளி எழுந்தது. கற்ற வித்தை முழுவதையும் ஒன்றாகக் காட்டியது. விரலை இறுக்கியது, மணிக்கட்டை விறைத்தது, உதட்டைக் கடித்தது, கண்ணை மூடியது. ஓங்கி அடித்தது.

தொப். தொப். தொப்.

திட்டில் அப்போது செவந்தியின் முறை. புல்லில் வாய் வைக்காமல் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னாடை போர்த்திய கரடி பட்டப்பகலில் கையை ஏற்றி இறக்குவதைக் கண்டது. ஒரு சத்தம் போடவில்லை. பக்கத்து மானை மூக்கால் இடித்தது. அது அடுத்ததை இடித்தது. குட்டிகளை நடுவில் விட்டு எல்லாம் வரிசையாகத் தண்ணீரில் இறங்கின, கரையேறின. கடைசிக் குட்டியின் கால் கரையைத் தொட்டபோது திட்டின் தலைப்பில் செந்தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. செவந்தி குட்டிகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டது.

மணல்மேட்டில் சிங்காரத்தின் காதிலும் அந்தச் சத்தம் விழுந்தது. தொப். தொப்.

'பனம்பழம் விழுது' என்று நினைத்தது நரி. ஆடி மாதம், பனம்பழக் காலம். புரண்டு படுத்தது. 'கறி வர நேரத்துல பழம் யாருக்கு வேணும்? அப்புறம் பொறுக்கிக்கலாம்.' அலறல் கேட்கிறதா என்று ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டது. அலறல் வரவில்லை. தண்ணீர் வந்தது.

முதலில் வால் நனைந்தது. நரி கண்ணைத் திறப்பதற்குள் மணல்மேடு காணாமல் போயிருந்தது. கரைக்கும் அதற்கும் நடுவில் ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. அடியோடு சாய்ந்த ஒரு பனை மரம் கையில் சிக்க, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பனையின் வேர் இன்னும் கொஞ்சம் மண்ணைப் பிடித்திருந்தது. யானை வந்து தும்பிக்கையை நீட்டினால் பிழைத்துவிடலாம். ஆனால் யானைக்கு யார் சொல்வது? முரசுதான் சொல்ல வேண்டும்.

சிங்காரம் தலையைத் தூக்கிப் பாறையைப் பார்த்தது. அங்கே அதன் மாணாக்கர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, உயிரைக் கொடுத்து அடித்துக்கொண்டிருந்தார்.

தொப்.

"அண்ணாச்சி" என்று கத்தியது நரி. "அண்ணாச்சி, இங்கே பாருங்க."

கரடிக்கு அந்தக் குரல் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை, கண்ணை மூடி அடிப்பதுதானே அழகு. முகத்தில் மட்டும் ஒரு புன்னகை வந்தது. "எப்படி இருக்கு தம்பி? இன்னைக்கு நல்லா உட்காருதுல்ல?"

"கையை எடுங்க அண்ணாச்சி. அடிச்ச கையை எடுங்க."

"அது மந்தி பாடம்ல" என்றது கரடி, தலையை ஆட்டிக்கொண்டே. தொப்.

பனையின் வேர் ஒன்று அறுந்தது. மரம் ஒரு முழம் நகர்ந்தது. சிங்காரத்துக்கு அதோடு பணிவு, பட்டம், அண்ணாச்சி எல்லாம் விட்டுப்போயிற்று.

"எடுடா மடச்சாம்பிராணி" என்று அலறியது. "அதுவா அடி? ஒரு நாளாவது நல்லா அடிச்சிருக்கியா நீ? உன் அடி பனம்பழம் விழற மாதிரி இருக்குடா. கையை எடு."

பலவேசத்துக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்போது கை தோலின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கேட்ட வார்த்தை தூக்கிவாரிப் போட, தொட்ட கை தொட்ட வேகத்திலேயே மேலே துள்ளியது, கொதிக்கிற பாறையைத் தொட்ட மாதிரி.

தொம்ம்ம்ம்.

பாறை அதிர்ந்தது. ஆற்றின் இரு கரையிலும் பறவைகள் எழும்பின. காட்டின் கடைக்கோடியில் மண் பூசிக்கொண்டிருந்த யானை ராஜா காதை விரித்து நிமிர்ந்தார். பள்ளத்தில் கிடந்த பன்றிகளும் முயல்களும் மேட்டைப் பார்த்து ஓடின.

கரடி கண்ணைத் திறந்தது. தன் கையைப் பார்த்தது. மறுபடியும் ஒரு தடவை தட்டி எடுத்தது, மெதுவாகத்தான். தொம்ம்ம்ம். வலிக்கவே இல்லை. "தம்பி, கேட்டியா?" என்று ஆசையோடு கீழே குனிந்தது.

கீழே பனை இல்லை. வளைவைத் தாண்டி நடு ஆற்றில் அது சுழன்று சுழன்று போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்த சிறிய உருவம் ஒரு தடவை முங்கியது, பிறகு எழவில்லை. அதுவரைக்கும் அந்த நல்ல அடி அதன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

யானை ராஜா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கரையில் மான்கள் குட்டிகளை நக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார்.

"பலவேசம், இன்னைக்குத்தான்யா நீ அடிச்சது அடி. காட்டுக் கோடியில நின்ன எனக்கே கேட்டுச்சு. யாரு சொல்லிக் கொடுத்தா?"

கரடி முதுகில் குத்திக்கொண்டிருந்த தேக்கிலைப் பொன்னாடையை மெல்ல அவிழ்த்துக் கீழே வைத்தது.

"சிங்காரம்தான் ராஜா" என்றது. "போகும்போது சொல்லிட்டுப் போனாரு."

நீதி: புகழ்ந்து கெடுத்த கை, புகழ்ந்தவனுக்கும் உதவாது.